சலவைப் பெண் நிறுவிய தொழிற்சாலை

தொழில் தொடங்க விழையும் நம் இளைஞர்கள் நம்மிடம் முதலில் வினவுவது, முதலுக்கு எங்கே போவது என்பதே. நமக்கு எது தெரியும், எதற்காகத் தொடங்குகிறோம் என்று வினவுவோர் மிகச் சிலர். அவர்களுக்கு நாம் வாக்கர் அம்மையாரின் வரலாற்றைக் கூறுவது வழக்கம்.

சாரா என்னும் இயற்பெயருடைய அவர் 1867 டிசம்பர் 23இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாய் உழன்று விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். ஏழு வயதில் தாய் தந்தையரை இழந்தார், பதினான்கில் மணம், இருபதில் கைம்மை, கையில் ஒரு பெண் குழந்தை. தமையன்மார் முடிதிருத்துவோராய் இருந்த செயின்ட் லூயிஸ் நகரை அடைந்து, பிறர் ஆடைகளை வெளுத்து, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு மூன்று மாதத்திற்கு மேல் இல்லை.

அந்நாளில் ஏழைக் கறுப்பினத்தவர் வீடுகளில் குழாய் நீர் அரிது. தலை முழுகுவதே அரிதாதலால் பொடுகும் புண்ணும் பற்றி, பெண்கள் பலருக்கு மயிர் உதிர்ந்தது. சாராவுக்கும் அவ்வாறே. ஆனி மலோன் என்னும் கறுப்பினப் பெண்மணியின் தயாரிப்புகளை விற்கும் முகவரானார். 1905இல் ஒன்றரை டாலர் கையிருப்புடன் டென்வர் நகர் சென்று, சமையல் வேலை பார்த்துக்கொண்டே பின்னர்த் தம் சொந்தக் களிம்பை விற்கத் தொடங்கினார். கந்தகம் கலந்த அத்தகைய களிம்பு புதிதன்று. மலோன் அம்மையார் தம்மைப் பின்பற்றிச் செய்ததாகக் குறைகூறியதும் உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வாங்குவோரின் துன்பத்தைத் தம் தலையிலேயே அறிந்திருந்தார். வீடு வீடாகவும் தேவாலயம் தேவாலயமாகவும் சென்று, அப்பெண்களுள் ஒருவராக நின்று பேசினார். அதுவே அவருடைய முதல்.

1906இல் மணந்த சார்லஸ் வாக்கர் விளம்பரக் கலை அறிந்தவர். ஆனால் கிடைத்த வருவாயே போதும் என்றிருந்தார். அம்மையாரின் குறிக்கோளோ பெரிது. 1912 அளவில் இருவரும் பிரிந்தனர்.

தமக்கு எது வாராது என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1910இல் இண்டியானாபோலிஸ் நகரில் குடியேறித் தொழிற்சாலை நிறுவியபின், நிர்வாகத்தை ரான்சம் என்னும் வழக்கறிஞரிடம் ஒப்படைத்தார். ஆலையை மேற்பார்த்த ஆலிஸ் கெல்லி முன்னாள் ஆசிரியை. நாற்பது வயது கடந்த முதலாளி, தம்மிடம் ஊதியம் பெறும் அவரிடமே எழுத்தும் பேச்சும் பயின்றார். ஆசிரியராகிய நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

1912இல் கறுப்பின வணிகர் மாநாட்டில் தலைவர் புக்கர் வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பளிக்கவில்லை. இறுதி நாளில் அம்மையார் தாமே எழுந்து, சலவைத் தொட்டியிலிருந்து தாம் வந்த வழியை அவையோருக்கு உரைத்தார். மறு ஆண்டு அவரைச் சொற்பொழிவாற்ற அழைத்தவர் அதே வாஷிங்டன்.

வெளுத்தும் சமைத்தும் பிழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய முகவர்களாயினர். 1919 மே 25இல் மறைவதற்கு ஈராண்டு முன், பிலடெல்பியா நகரில் அவர்களுக்கென ஒரு மாநாடு கூட்டினார். மிகுதியாக விற்றவர்க்குப் பரிசு அளித்தார். மிகுதியாக அறம் செய்த முகவர்க்கும் தனிப் பரிசு அளித்தார்.