சுவடியில் உறங்கிய அரசியல்: சாம சாஸ்திரியார் வாழ்க்கை

பழைய நூல் எதுவும் ஒரே நாளில் ஒரே கையால் எழுதப்பெற்று நம்மிடம் வந்து சேர்வதில்லை. யூத மக்களின் எபிரேய மறைநூலை எடுத்துக் கொள்வோம். வாய்மொழியாக வழங்கிய சட்டங்களும் பாடல்களும் முன்னோர் வரலாறுகளும் பல நூற்றாண்டுகளில் எழுத்து வடிவம் பெற்றன. தொகுப்போர் அவற்றை இணைத்தனர், படியெடுப்போர் காத்தனர். முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரேயப் படி கி.பி. 1008-ஐ ஒட்டியது. 1947 முதல் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் தோற்சுருள்கள் கிடைத்த பின்னரே, அதற்கு ஆயிரம் ஆண்டு முந்திய ஏடுகளை உலகம் கண்டது. முதற் குகையைக் கண்டவர் ஆடு மேய்க்கும் இளைஞர்.

அத்தகைய கண்டெடுப்பு ஒன்று நம் மைசூர் நகரிலும் நிகழ்ந்தது. ஆண்டு 1905. கண்டவர் ஒரு நூலகர். அவரே ருத்ரபட்டணம் சாம சாஸ்திரியார்.

சாஸ்திரியார் 1868-ல், இன்றைய ஹாசன் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள ருத்ரபட்டணத்தில் பிறந்தார். அவ்வூர்ச் சங்கேதி மக்களின் முன்னோர் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் என்பது வழிவழிச் செய்தி. தமிழும் கன்னடமும் கலந்த ஒரு மொழியை இன்றும் அவர்கள் வீட்டில் பேசுகின்றனர். மைசூர் வடமொழிப் பாடசாலையில் வித்துவான் பட்டம் பெற்ற இளைஞர், 1889-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பி.ஏ. பட்டமும் பெற்றார். பண்டிதராக இருந்துகொண்டே ஆங்கிலமும் ஜெர்மனும் பிரெஞ்சும் கற்றார். அவர் புலமையைக் கண்டு மகிழ்ந்த திவான் சேஷாத்திரி ஐயர், அரசாங்கக் கீழ்த்திசை நூல் நிலையத்தில் நூலகராக அமர உதவினார்.

1891-ல் தோன்றிய அந்நூல் நிலையத்தில் சுவடிகள் ஆயிரக் கணக்கில் வந்து குவிந்திருந்தன. அவை எங்கிருந்து வந்தன? அக்ரஹாரம் என்று மைசூரில் ஒரு பகுதி இருப்பதை நாம் அறிவோம். கற்றோர்க்கு அரசர் வழங்கிய குடியிருப்பே அக்ரஹாரம். தென்னாடெங்கும் இத்தகைய தெருக்களின் வீடுகளில் தந்தை காத்த ஏடு மகன் கைக்கு வந்தது. மகன் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றபோது அதைப் படிப்பார் இல்லை. பரணில் கிடந்து செல்லரித்தவை பல. ஆடிப் பெருக்கில் ஆற்றோடு போனவை பல. ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. காலந்தோறும் படியெடுக்காவிட்டால் நூல் ஓலையோடு மடிய வேண்டியதுதான்.

தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூல் நிலையத்துக்குச் சில சுவடிகளைக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று கிரந்த எழுத்தில் இருந்தது. நாள்தோறும் ஏடுகளைப் பிரித்துப் பட்டியல் செய்துவந்த சாஸ்திரியார் அதைப் படிக்கலானார். படிக்கப் படிக்க வியப்பு மிகுந்தது. தண்டியும் பாணரும் குறிப்பிட்ட நூல், பெயரளவில் மட்டுமே அறிஞர் அறிந்திருந்த நூல், கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அவர் கையில் இருந்தது!

கண்டதோடு பணி முடிந்துவிடவில்லை. பழைய ஏடுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது. ஓலை முறிந்த இடத்தில் எழுத்தும் போயிருக்கும். ஒப்பு நோக்க வேறு நல்ல படியும் அருகில் இல்லை. ஏறக்குறைய ஒற்றை ஏட்டின் துணை கொண்டே பாடத்தைத் தீர்மானித்து 1909-ல் அச்சிட்டார். 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பும் நூலாக வெளிவந்தது.

அந்நூலில் என்ன இருந்தது? 15 அதிகரணங்கள், 150 அத்தியாயங்கள். வரி, எடை, அளவு, சுரங்கம், நீதி, ஒற்று, கோட்டை, போர் என அரசின் ஒவ்வோர் உறுப்பும் அங்கே பேசப்படுகிறது. இந்தியருக்கு வீடுபேற்றுச் சிந்தனை உண்டு, ஆட்சிச் சிந்தனை இல்லை என்று மேனாட்டார் பலர் எழுதிவந்த காலம் அது. அடிமை நாட்டினர்க்கு அக்கூற்று எத்தகைய சுமை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஓர் ஓலைக்கட்டு அச்சுமையை இறக்கி வைத்தது.

நூலை இயற்றியவர் சந்திரகுப்த மௌரியரின் அமைச்சரே என்று சாஸ்திரியார் கொண்டார். பின்வந்த ஆய்வாளர் பலர், அது ஒருவர் நூலன்று, பல காலத்துப் பகுதிகள் சேர்ந்து கி.பி. முதல் நூற்றாண்டுகளில் இன்றைய வடிவம் பெற்றது என்கின்றனர். எபிரேய மறைநூலைப் பற்றி எழுந்த அதே கேள்வி இங்கும் எழுந்துள்ளது. இதனால் சாஸ்திரியாரின் பெருமை குறையாது. கேள்வி கேட்பதற்கு நூல் வேண்டுமே. அதைத் தந்தவர் அவரல்லவா?

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1921-ல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. மகாமகோபாத்தியாயர் என்னும் விருதும் கிடைத்தது. மைசூர்த் தொல்பொருள் துறையின் தலைவராகவும் இருந்து, கல்வெட்டும் செப்பேடும் ஆராய்ந்தார். ஜெர்மனி சென்ற மைசூர் மன்னரை அங்குள்ளோர் சாஸ்திரியாரின் ஊரிலிருந்து வந்தவர் என்றே அடையாளம் கண்டனர் எனவும், திரும்பி வந்த மன்னர் அதனை அவரிடமே மகிழ்ந்து கூறினார் எனவும் ஒரு செய்தி வழங்குகிறது. 1944-ல் அவர் மறைந்தார்.

நண்பர்களே! ஏட்டைத் தந்த தஞ்சைப் பண்டிதரின் பெயர் உலகுக்குத் தெரியாது. தம் வீட்டில் படிப்பார் இல்லாது போனாலும் படிப்பார் கையில் சேர்ப்போம் என்று அவர் எண்ணியிராவிட்டால், சாஸ்திரியாருக்குக் கண்டெடுக்க ஏது நூல்? அதுபோலவே, கிரந்த எழுத்தறிந்த ஒருவர் நூல் நிலையத்தில் அன்று இல்லையேல், கொடை வந்தும் பயனில்லை. கொடுப்பாரும் படிப்பாரும் சேர்ந்தே நூலைக் காக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மில் யார் வீட்டுப் பரணிலும் ஓர் ஏட்டுக்கட்டு இருக்கலாம். அதை ஆற்றில் விடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் சேருங்கள். இயன்றால், அவ்வெழுத்தை நீங்களே கற்றுக் கொள்ளுங்கள்.