நான்கு மணி நேரச் சாதகம் - ஜாக்குலின் டு ப்ரே (1945-1987)

லண்டன் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சனிக்கிழமை என்றாலே பாட்டு, வயலின், மிருதங்க வகுப்புகள்தான். பிள்ளைகளை அழைத்துப் போக வந்து நிற்கும் பெற்றோர், அடுத்தவர் பிள்ளை தினம் எத்தனை மணி நேரம் சாதகம் செய்கிறது என்று விசாரித்துக் கொள்வதைக் கேட்டிருக்கலாம். இந்த மணிக்கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜாக்குலின் டு ப்ரேயின் ஞாபகம் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த செல்லோக் கலைஞர்களில் ஒருவரான அவர் வாசிக்கக் கற்றதும் இதே லண்டனில்தான்.

ஜாக்குலின் 1945 ஜனவரி 26 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தாய் ஐரிஸ் ஒரு பியானோக் கலைஞர். ஐந்து வயது நிறையும் முன்பே வானொலியில் செல்லோவின் ஒலியைக் கேட்ட குழந்தை, தனக்கும் அந்த வாத்தியம் வேண்டும் என்று கேட்டது. செல்லோ வந்தது. லண்டனில் செல்லோவுக்கென்றே இருந்த பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டில் தாய் சின்னச் சின்ன மெட்டுகளை எழுதி, ஓரத்தில் படங்களும் வரைந்து, குழந்தை தூங்கிய பிறகு படுக்கையருகே வைத்துவிடுவார். காலையில் கண் விழித்ததும் அதை வாசித்துப் பார்க்கும் ஆவல் குழந்தைக்கு. நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் சரளி வரிசைப் போராட்டம் அங்கே நடக்கவில்லை.

பத்து வயதில் வில்லியம் ப்ளீத்திடம் மாணவியானார். விரல் பயிற்சி வேறு, சங்கீதம் வேறு என்று பிரிப்பதை ப்ளீத் ஏற்றவர் அல்லர். ஓர் இசை வாக்கியம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை முதலில் மனத்துக்குள் கேட்க வேண்டும். எந்த விரல், எவ்வளவு வில் என்பதெல்லாம் அதிலிருந்து வர வேண்டும் என்பது அவர் வழி. மாணவர் தன்னைப் போலவே வாசிப்பதையும் அவர் விரும்பவில்லை.

1956ல் ஜாக்குலினுக்கு சுஜியா விருது கிடைத்தது. போர்த்துகீசிய செல்லோக் கலைஞர் கில்லெர்மினா சுஜியா, இளம் கலைஞர்களுக்கு உதவுவதற்காகத் தன் ஸ்ட்ராடிவேரியஸ் செல்லோவை விற்கச் சொல்லி உயில் எழுதிவிட்டு 1950ல் மறைந்தவர். நடுவர் குழுவின் தலைவர் ஜான் பார்பிரோலி. கில்டுஹால் இசைப் பள்ளிக் கட்டணமும் ப்ளீத்தின் பாடக் கட்டணமும் விருதுப் பணத்திலிருந்தே கட்டப்பட்டன. அதற்கொரு நிபந்தனை உண்டு: தினமும் நான்கு மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும். பதினோரு வயதுச் சிறுமிக்கு அந்த நான்கு மணி நேரம் பள்ளிக்கூடத்திலிருந்துதான் கிடைத்தது. பாடங்கள் குறைந்தன, சக மாணவிகளோடு பழக்கம் குறைந்தது, கடைசியில் பள்ளிப் படிப்பே பாதியில் நின்றது.

அந்த நேரம் வீணானது என்றும் சொல்ல முடியாது. பதின்மூன்று வயதில் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை ப்ளீத் கையில் கொடுத்தார். சில நாட்களிலேயே முதல் பகுதியை மனப்பாடமாக வாசித்துக் காட்டினார் மாணவி. கடிகாரம் பார்த்து வாசிக்கும் பிள்ளையால் அது முடியாது.

1961 மார்ச் 1 அன்று விக்மோர் ஹாலில் அரங்கேற்றம். வயது பதினாறு. வாசிக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒரு தந்தி தளர்ந்து சுருதி இறங்கியது. எழுந்து உள்ளே போய், வேறு தந்தி மாட்டிக் கொண்டு வந்து, பதற்றமில்லாமல் முதலிலிருந்து வாசித்தார். பாராட்டு குவிந்தது. ஆனாலும் தன் வாசிப்பைப் பற்றிய சந்தேகம் அவரை விடவில்லை. புகழ் வந்த பிறகும் பாரிஸில் டோர்ட்டெலியேயிடமும், 1966ல் மாஸ்கோவில் ரோஸ்ட்ரோபோவிச்சிடமும் மாணவியாகப் போய் உட்கார்ந்தார். இதற்கிடையே 1965 ஆகஸ்டில், லண்டன் கிங்ஸ்வே ஹாலில் எல்கரின் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். நடத்தியவர் அதே பார்பிரோலி. இன்றும் அந்தப் படைப்பை முதன்முதலாகக் கேட்கப் போகிறவருக்குப் பெரும்பாலோர் சிபாரிசு செய்வது அந்தப் பதிவைத்தான்.

1971 வாக்கில் விரல்களில் உணர்ச்சி குறையத் தொடங்கியது. மன அழுத்தம் என்றார்கள். 1973 பிப்ரவரியில், ஜுபின் மேத்தா நடத்திய லண்டன் கச்சேரியில் எல்கரை வாசித்தார். அந்தக் காலகட்டத்தில் தந்தி விரலுக்குத் தெரியாமல், கண்ணால் பார்த்துப் பார்த்து விரலை வைக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் உண்மை தெரிந்தது: மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் நோய். வயது இருபத்தெட்டு. அதன்பின் மேடையில் செல்லோ வாசிக்கவில்லை.

சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடம் நடத்தினார். வாத்தியத்தைத் தொட்டுக் காட்ட முடியாத ஆசிரியர், மாணவர் வாசிப்பதைக் கேட்டு, வாயால் சொல்லியே திருத்தினார். ப்ளீத் கற்றுத் தந்த, மனத்துக்குள் கேட்கும் அந்தப் பழக்கத்தை நோயால் எடுத்துக் கொள்ள முடியவில்லை.

1987 அக்டோபர் 19 அன்று நாற்பத்திரண்டாம் வயதில் லண்டனில் காலமானார். கோல்டர்ஸ் கிரீன் யூதக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வடக்கு லண்டனில் சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் நம்மவர் பலரின் கார்கள் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. இந்த வாரம் எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்குப் பதில், என்ன வாசித்தாய், அது உன் காதுக்கு எப்படிக் கேட்டது என்று பின் இருக்கையில் இருக்கும் பிள்ளையிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.