கல்லெழுத்தை நேசித்த பேராசிரியர்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் கல்லாறு என்னும் சிற்றாறு ஓடுகின்றது. நீரில் உருண்டு வழவழப்பான கற்கள் அதன் படுகை எங்கும் கிடக்கின்றன. ‘கல்’, ‘ஆறு’ என்னும் இரு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானவை. நகரிலிருந்து அம்மலைவழியில் செல்வோர் முதலில் பேரூர்க்கடை என்னும் ஊரைக் கடப்பர். கல்லையும் தமிழையும் ஒருங்கே நேசித்த அறிஞர் ஒருவர் அவ்வூரில் வாழ்ந்தார். அவர்தாம் பெ. சுந்தரம் பிள்ளை. பள்ளிகளில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, அவர் இயற்றிய ‘மனோன்மணீயம்’ என்னும் நாடக நூலில் உள்ளது.

சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். அவர்களுடையது தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டுக்கு வெளியே மலையாளம் ஒலித்தது. கல்லூரியில் ஆங்கிலம் ஆட்சி செய்தது. எனினும் இளமையிலேயே அவர் தேவாரமும் திருவாசகமும் கற்றார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று 1876இல் இளங்கலைப் பட்டமும், 1880இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். சில காலம் திருநெல்வேலியில் ஆசிரியராகவும், பின்னர் திருவிதாங்கூர் அரசின் அலுவலராகவும் பணியாற்றினார். 1885இல் தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியர் ஆனார்.

அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் இராபர்ட் ஹார்வி. சுந்தரம் பிள்ளையின் ஆசிரியரும் அவரே. பேரூர்க்கடையில் தாம் அமைத்த இல்லத்திற்கு மாணவர் ஆசிரியரின் பெயரையே சூட்டினார். அவ்விடம் ‘ஹார்விபுரம்’ என அழைக்கப்பட்டது.

தத்துவம் கற்பிப்பது அவருடைய தொழில். பழங்கல்வெட்டுகளைத் தேடிப் படிப்பதோ அவருடைய ஆர்வம். எவரும் அவரை அவ்வாறு செய்யுமாறு பணிக்கவில்லை. திருவிதாங்கூர்க் கோயில்களின் சுவர்களிலும் தூண்களிலும் இருந்த பழைய எழுத்துகளை அவர் நாடினார். அவற்றுட் பல தமிழ்மொழியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. வளைந்த கோடுகளால் ஆன அவ்வெழுத்து வழக்கொழிந்து போனமையால், கோயிலுக்கு நாள்தோறும் வருவோரும் அதனைப் படிக்க இயலாதவராய் இருந்தனர்.

கல்லெழுத்தைப் படிப்பது எளிதன்று. மழையும் வெயிலும் சில எழுத்துகளைத் தேய்த்திருக்கும். சுண்ணாம்புப் பூச்சு சிலவற்றை மறைத்திருக்கும். எஞ்சிய எழுத்துகளைப் படித்த பின்னர் ஆண்டினைக் கணிக்க வேண்டும். அக்கல்வெட்டுகளில் கொல்லம் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். அதனுடன் 825ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணலிக்கரையில் கிடைத்த கல்வெட்டு கொல்லம் 410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எனவே அது ஏறத்தாழ 1235ஆம் ஆண்டினது. அரசரின் அலுவலரும் ஊர்ச்சபையாரும் கூடி வரியை வரையறுத்ததையும், விளைச்சல் பொய்த்த காலத்தில் வரியைக் குறைத்துப் பெறுவதையும் அக்கல் கூறுகின்றது.

இத்தகைய சான்றுகளைக் கொண்டு வேணாட்டு மன்னர் பலரின் பெயர்களையும் காலத்தையும் சுந்தரம் பிள்ளை வரிசைப்படுத்தினார். திருவிதாங்கூரின் பண்டை அரசர்கள் குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1894இல் வெளிவந்தது. அதுவரை செவிவழிக் கதைகளை நம்பியிருந்த வரலாற்றுக்கு உறுதியான ஆண்டுகள் கிடைத்தன.

தமிழ் இலக்கியத்தின் காலமும் அப்போது கேள்விக்குள்ளாகி இருந்தது. தேவாரம் பாடிய திருஞானசம்பந்தர் 13ஆம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் போன்ற அறிஞர் கருதினர். சுந்தரம் பிள்ளை அதனை ஏற்கவில்லை. ஆயினும் சினந்து மறுக்காமல், சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டினார். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்பது அவர் கண்ட முடிவு. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர் என்றே இன்றைய ஆய்வாளரும் கொள்கின்றனர். கருத்து வேறுபாட்டைச் சான்றுகளால் தீர்க்கலாம் என்பதற்கு அவ்வாய்வு நல்ல எடுத்துக்காட்டு.

அறிவியலிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. பலவகை அறிவுத்துறைகளையும் வகைப்படுத்தி ‘நூற்றொகை விளக்கம்’ என்னும் நூலைத் தமிழில் எழுதினார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்திலும் இவ்விருப்பம் புலப்படுகின்றது. அதில் நடராஜன் என்னும் பாத்திரம், மண்ணைப் பதப்படுத்தி உழவருக்கு உதவும் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைக் கண்டு வியக்கின்றது. அரசர் கதை கூறும் நாடகத்தில் மண்புழுவுக்கும் இடமளித்தவர் அவர்.

சுந்தரம் பிள்ளை 1897இல், தம் 42ஆம் வயதில் மறைந்தார். தமிழ்நாடு அரசு 1970இல் அவருடைய பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தமிழகத்திற்கு வெளியே பிறந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வெளியிலேயே கழித்த ஒருவரின் பாடலைத்தான் தமிழ்நாட்டு மாணவர் நாள்தோறும் பாடுகின்றனர். தாம் வாழ்ந்த மண்ணின் வரலாற்றையும் தம் தாய்மொழியின் வரலாற்றையும் அவர் ஒரே ஆர்வத்தோடு தேடினார். இரண்டையும் கற்களில் கண்டார்.