பைபிளைத் தமிழாக்கிய கையாலேயே பாதிரிமாருக்குப் பதில் எழுதியவர்

வேலும் மயிலும் துணை.

இன்னைக்கு நம்ம முருகன் பேரையே தாங்கி வாழ்ந்த ஒருத்தரோட கதை. பேர் ஆறுமுகம். ஊர் நல்லூர். ஆமாம், கந்தசுவாமி கோயில் இருக்கிற அதே யாழ்ப்பாணத்து நல்லூர்தான். உலகம் அவரை ஆறுமுக நாவலர் என்று சொல்லும்.

நாவலர்னு சொன்னா நம்மில் பலருக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். பழைய நூல்களைப் பிழை பார்த்து அச்சிட்டார், வள்ளலாரோடு மோதினார். அந்த மோதல் பெரிய கதை, இன்னொரு நாள் பார்க்கலாம். இன்னைக்குச் சொல்ல வந்தது அவர் கிறிஸ்தவப் பாதிரிமாரோடு நடத்திய வாதம். எந்தச் சமயம் அறிவுக்குப் பொருந்தும், உங்களுடையதா எங்களுடையதா என்பதுதான் அந்த வாதம். கல்லூரியில, ஹாஸ்டல்ல, நண்பர்கள் மத்தியில இதே பேச்சு இன்னைக்கும் வருது இல்லையா? வந்தா ரெண்டே நிமிஷத்துல குரல் ஏறிடுது. நாவலர் அந்த வாதத்துக்குத் தயாராக எத்தனை வருஷம் எடுத்துக்கிட்டார்னு பாருங்க.

1822 டிசம்பர் 18ஆம் தேதி பிறந்தார். அப்பா கந்தப்பிள்ளை தமிழ் படித்தவர், நாடகங்கள் எழுதியவர். பிள்ளைக்கு ஒன்பது வயசு இருக்கும்போதே அவர் போய்விட்டார். எழுதி முடிக்காமல் விட்டுப்போன ஒரு நாடகத்தை அந்தச் சின்னப் பையனே எழுதி முடித்தான்னு ஊரில் சொல்வார்கள். பிறகு சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் ஆகியோரிடம் தமிழ் படித்தார். ஆங்கிலம் படிக்க வேண்டும் என்றால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடம்தான் வழி. ஆறுமுகமும் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். இப்போது யாழ் மத்திய கல்லூரி என்று இருக்கிறதே, அதன் தொடக்கம் அதுதான். அங்கே தலைவராக இருந்தவர் பீட்டர் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார்.

இந்த பெர்சிவலைச் சாதாரணமா நினைக்காதீங்க. தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடித் தொகுத்து அச்சிட்டவர். பையனோட தமிழைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் அதே பள்ளியில் ஆசிரியர் வேலை கொடுத்தார். கூடவே இன்னொரு வேலையும் கொடுத்தார். பைபிளை நல்ல தமிழில் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும், நீ உதவி செய் என்று.

ஆறுமுகம் ஒத்துக்கொண்டார். நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா. ஆதியாகமத்தில் தொடங்கி வரிவரியாகப் படித்து, சொல் தேடி, வாக்கியம் கட்டி, பிழை பார்த்து. மொழிபெயர்ப்பு செய்தவர்களுக்குத் தெரியும், சும்மா படிக்கிறது வேற, மொழிபெயர்க்கப் படிக்கிறது வேற. ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போக முடியாது. வேலை முடிந்ததும் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு இருவரும் சென்னைக்குப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழைச் சந்தேகமாகப் பார்த்ததாகவும், மழவை மகாலிங்கையரிடம் காட்டியபோது அவர் படித்துப் பார்த்து மெச்சியதாகவும் நாவலர் வரலாற்றில் சொல்வார்கள். 1850இல் அந்தப் பைபிள் முழுதாக அச்சாகி வந்தது.

ஆனா அதற்குள் ஆறுமுகம் மிஷனை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கு யாழ்ப்பாணத்தின் நிலை என்னவென்றால், வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன், இந்தப் பக்கம் வெஸ்லியன் மிஷன், இன்னொரு பக்கம் இங்கிலாந்துச் சபையின் மிஷன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அச்சகம் எல்லாம் அவர்கள் கையில். 1841இல் உதயதாரகை என்ற பத்திரிகையும் வந்துவிட்டது. நம்ம பக்கம் ஓலைச்சுவடிதான். கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும், ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் பொருள் சொல்ல, ஊரே உட்கார்ந்து கேட்கும். கந்தபுராணக் கலாசாரம் என்றே பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பேர் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிரிமாரின் துண்டுப் பிரசுரங்கள் குறி வைத்ததும் அதைத்தான். மேல்நாட்டு வானியலையும் பூகோளத்தையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்து, உங்கள் புராணம் சொல்லும் ஏழு கடலும் மேருவும் எங்கே என்று கேட்டார்கள். கல்லுக்கு விளக்குக் காட்டுவது, எண்ணெய் சாத்துவது, தீட்டுப் பார்ப்பது இதெல்லாம் அறிவுள்ளவன் செய்கிற வேலையா என்று கேட்டார்கள். எங்கள் சமயம் அறிவுக்கு ஒத்தது, உங்களுடையது இருட்டு என்பதுதான் வாதத்தின் சாரம். படித்த பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டிலும் கோயிலிலும் பெரியவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் முதல் பிரசங்கம் செய்தார். வயசு 25. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் சேர்ந்துகொண்டார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, வார நாளில் பெர்சிவலோடு மிஷன் வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சைவப் பிரசங்கம். சில மாதங்கள் இப்படியே போனது. 1848இல் வேலையை விட்டார், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று பெர்சிவல் கேட்டுப் பார்த்ததாகச் சொல்வார்கள். எனக்கு இந்த இடத்தில் பெர்சிவல் மேலேயும் ஒரு இரக்கம் வரும். தன் கையில் வளர்ந்த சிறந்த மாணவன் எதிர்ப்பக்கம் போய் நின்றான்.

அடுத்த வருஷம் அச்சு இயந்திரம் வாங்கத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். போகிற வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்ய, அங்கேதான் நாவலர் என்ற பட்டம் கிடைத்தது. திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்தார். பாலபாடம், சைவ வினாவிடை, பெரியபுராண வசனம் எல்லாம் வரிசையாக வந்தன. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பிரசங்கம், வினாவிடைப் புத்தகம், வகுப்பு வாரியாகப் பாடநூல், மலிவான அச்சுப் பிரதி, எல்லாமே அவர் மிஷனில் பார்த்துக் கற்றுக்கொண்ட முறைகள்தான். வெட்கப்படாமல் எடுத்துக்கொண்டார்.

1854இல் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. பாதிரிமார் சைவத்தின் மேல் சொன்ன பழிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் நூல். பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆகமத்திலிருந்து மட்டும் இல்ல. பைபிளிலிருந்தே!

யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் திறந்து பார்த்தால் தெரியும். கடவுளுக்கு ஒரு கூடாரம், அதற்குள் பிரதான ஆசாரியர் தவிர யாரும் நுழையக்கூடாத ஒரு மகா பரிசுத்த இடம். அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. தூபம் போட ஒரு பீடம். கடவுள் முன்னால் படைக்க அப்பம். அபிஷேகத் தைலம். பூசை செய்பவருக்கென்று தனி உடை, தனி வம்சம். தீட்டு, தீட்டு கழியக் குளியல். ஆடு மாட்டுப் பலி. இவை எல்லாம் கடவுளே கட்டளையிட்டார் என்று பைபிள் சொல்கிறது. அப்படியானால் விளக்கும் தூபமும் நைவேத்தியமும் தன்னளவிலேயே மூடத்தனம் என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும் என்பதுதான் நாவலர் வைத்த வாதத்தின் போக்கு. ஒரே காரியம் உங்கள் நூலில் இருந்தால் தெய்வக் கட்டளை, எங்கள் நூலில் இருந்தால் அறியாமையா? தராசு ஒன்றாக இருக்க வேண்டாமா?

அவருடைய நடை மென்மையானது இல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். காரமாக எழுதுவார். சில இடங்களில் அந்தக் காரம் இல்லாமலே வாதம் நின்றிருக்கும்னு எனக்குத் தோணும். ஆனாலும் ஒரு விஷயம் பாருங்க. அந்த நூலைப் பற்றி எழுதிய வெஸ்லியன் மிஷன்காரர்களே, இதை எழுதியவருக்குப் பைபிளில் இருக்கும் அறிவு வியக்கத்தக்கது என்று ஒப்புக்கொண்டார்கள். பைபிளே தெரியாதவன்னு அவரை ஒதுக்கித் தள்ள எதிராளியாலும் முடியல.

பதில் வராமலும் இல்லை. பழைய ஏற்பாட்டுச் சடங்குகள் எல்லாம் வரப்போகும் கிறிஸ்துவுக்கு முன்னடையாளம், அவர் வந்த பிறகு அவை முடிந்துபோயின, ஆகவே அவற்றைக் காட்டி உங்கள் சடங்கை நியாயப்படுத்த முடியாது என்பது கிறிஸ்தவர்களின் விளக்கம். இது உப்புச்சப்பில்லாத பதில் இல்ல. அவர்கள் சமயத்துக்குள் நின்று பார்த்தால் அதற்கு ஒழுங்கு உண்டு. கறல் விசுவநாதபிள்ளை என்ற படித்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் 1857இல் சுப்பிரதீபம் என்று ஒரு மறுப்பு நூலே எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அவர். பிற்காலத்தில் அவரே சைவத்துக்கு வந்தார் என்பது தனிக்கதை.

என் மனசுக்குப் பட்டதைச் சொல்றேன். முடிந்துபோன சடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு காலத்தில் கடவுள் விரும்பிக் கேட்ட விளக்கும் தூபமும் இயல்பிலேயே அறிவீனம் ஆகிவிடாது. அந்த அளவில் நாவலர் ஜெயித்தார். ஆனால் உன்னிடமும் இது இருக்கிறது என்று காட்டுவதால் மட்டும் என்னுடையது சரி என்று ஆகிவிடாது. அது நாவலருக்கும் தெரியும். அதனால்தான் வாதத்தோடு நிற்காமல் பள்ளிக்கூடமும் புத்தகமும் போட்டு, சைவ சித்தாந்தத்தைத் தமிழ் வசனத்தில் சொல்ல ஆயுசைச் செலவிட்டார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை அமைத்தார்.

அவரிடம் ஏற்க முடியாததும் உண்டு. சாதி வேறுபாட்டை அவர் விடவே இல்லை. மிஷன் பள்ளிகள் எல்லாரையும் உட்கார வைத்தபோது, நாவலரின் பள்ளி எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கவில்லை. தராசு ஒன்றாக இருக்கணும்னு கேட்டவரிடம் இந்த ஒரு கேள்வியை அவர் காலத்துப் பாதிரிமார் கேட்டிருந்தால், பைபிளைக் காட்டித் தப்பித்திருக்க முடியாது.

இப்போ நம்ம வயித்துல புளியைக் கரைக்கிற இடம். நல்லூர்க் கந்தன் கோயிலையே அவர் விட்டுவைக்கவில்லை! ஆகமப்படி பூசை நடக்கவில்லை, மூலஸ்தானத்தில் விக்கிரகம் இல்லாமல் வேல்தான் இருக்கிறது, ஆடு வெட்டுகிறார்கள், தாசி ஆட்டம் வைக்கிறார்கள் என்று 1875இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் என்ற பெயரிலேயே பிரசுரங்கள் அச்சிட்டு விட்டார். பாதிரிமாரும் ஆட்டுப்பலியையும் தாசி ஆட்டத்தையும்தானே காலங்காலமாக இகழ்ந்தார்கள்? அந்த ரெண்டிலும் நாவலர் அவர்களோடு ஒத்துப்போனார், காரணம் மட்டும் வேற. அவருக்கு அளவுகோல் ஆகமம். கோயில் நிர்வாகத்தோடு பெரிய பகை வந்தது. நல்லூர் மூலஸ்தானத்தில் இன்றைக்கும் வேல்தான் இருக்கிறது. அங்கே போய்க் கைகூப்பி நின்ற எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாவலரோடு நான் சண்டைக்காரன்தான்.

1877இல் பஞ்சம் வந்தபோது வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்குச் சோறு போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1879 டிசம்பர் 5ஆம் தேதி காலமானார். 57 வயசு நிறைய இன்னும் 13 நாள் பாக்கி.

பெர்சிவல் என்ன ஆனார்னு கேட்கிறீங்களா? அவரும் வெஸ்லியன் மிஷனை விட்டார். சென்னைக்கு வந்து 1855இல் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகை தொடங்கினார், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அதற்கு முந்தின வருஷம் லண்டனில் அவர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். இந்து சமயத்தையும் இந்தியாவையும் பற்றியது, வேதத்தின் நாடு என்பது தலைப்பின் பொருள். அதாவது 1854. மாணவர் யாழ்ப்பாணத்தில் சைவதூஷண பரிகாரத்தை அச்சிட்ட அதே வருஷம். ஒரே மேசையில் உட்கார்ந்து பைபிளை மொழிபெயர்த்த ரெண்டு பேரும், ஒரே வருஷத்தில், ஒருத்தர் சமயத்தைப் பற்றி இன்னொருத்தர் புத்தகம் போட்டிருக்கிறார்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!