உள்ளதை உள்ளபடி எழுதிய பண்டித இரமாபாய் அம்மையார்



நமது ஆலய ஜூபிலி மலருக்காகப் பங்கின் பழைய நினைவுகளை எழுதித் தரும்படி பெரியவர்களைக் கேட்டிருந்தேன். தாள்கள் நிறையவே வந்தன. கோவில் கட்டிய கதை, மணி வாங்கிய கதை, தேர்ப்பவனியின் சிறப்பு ஆகியவை எல்லாவற்றிலும் இருந்தன. பட்டினி கிடந்த நாள் ஒன்றிலும் இல்லை. திரிசூலம் மலையடியில் ஜல்லி உடைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயார் மட்டும் அதைப் பற்றி இரண்டு வரி எழுதி, பிறகு தாமே அதை அடித்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தார். கணவர் இறந்த ஆண்டில் ஆண்டவர் மேல் கொண்ட கோபத்தால் பூசைக்கே வரவில்லை என்பதும் அந்த அடித்த வரிகளில் இருந்தது. இதெல்லாம் கோவில் புத்தகத்தில் வரலாமா சாமி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவருக்கு அன்று நான் சொன்ன வரலாற்றையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன். இது பீடத்தில் வைத்து வணங்கும் புனிதர் ஒருவரின் சரித்திரமன்று. பண்டித இரமாபாய் அம்மையார் கத்தோலிக்கரும் அல்லர்; ஆங்கிலிக்கன் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். எனினும் தம் வாழ்வை ஒளிவு மறைவின்றி எழுதிய இந்தியக் கிறிஸ்தவர்களில் அவருக்கு ஈடாகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. 1907-ஆம் ஆண்டில், தமக்கு ஐம்பது வயது நெருங்கிய வேளையில், தம் சாட்சியத்தை ஒரு சிறு நூலாக அவர் வெளியிட்டார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டுப் பகுதியில் 1858 ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே வடமொழியில் பெரும் புலவர். தம் இளம் மனைவி இலட்சுமிபாய்க்கு அவர் வடமொழி கற்பிக்கவே, பெண்ணுக்குக் கல்வியா என்று சுற்றத்தார் எதிர்த்தனர். அந்தத் தாயே பின்னர் விடியற்காலையில் மகளை எழுப்பி மடியில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். குழந்தைக்கு ஆறு மாதமானபோது குடும்பம் வீட்டைவிட்டுப் புறப்பட்டது. இரமாபாயைப் பிரம்புக் கூடையில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்களாம். அதன் பிறகு தலம் தலமாக யாத்திரை. கோவில்களில் புராணம் வாசித்து, கேட்போர் தரும் காணிக்கையில் பிழைப்பு நடந்தது.

1870-களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. கையிருந்த பணம், பாத்திரம் பண்டம் யாவும் கரைந்தன. இந்த இடத்தில்தான் அம்மையாரின் நேர்மையைக் கவனிக்க வேண்டும். பஞ்சத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. கூலி வேலை செய்யக் குடும்ப கௌரவம் இடம் தரவில்லை, பிச்சை எடுக்க வெட்கம், உலக வழக்கில் பிழைக்கும் வகையோ தெரியாது என்று ஒப்புக் கொண்டு எழுதுகிறார். திருப்பதியை அடுத்த காட்டில் 11 நாள் தண்ணீரும் இலை தழையும் சிறிது காட்டு ஈச்சம்பழமுமே அவர்களுக்கு ஆகாரம். தந்தைக்கு அப்போது கண் பார்வையும் போயிருந்தது. இறக்கும் தறுவாயில் தம் கடைசி மகளை அணைத்துக் கொண்டு, நேர்மையான வழியில் நடந்து வாழ்நாளெல்லாம் கடவுளுக்கே ஊழியம் செய்யும்படி சொன்னார். அவர் அறிந்த கடவுளை அவர் அறிந்த வழியில் சொன்னார். கிறிஸ்தவரான பின்பும் மகள் அந்தச் சொல்லைத் தள்ளவில்லை. தம் சாட்சியத்தில் பக்தியோடு பதித்து வைத்தார்.

சில மாதங்களில் தாயும் மறைந்தார். பாடையைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. கெஞ்சியதில் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் சீனிவாசன் மூன்றாமவர். நான்காவது ஆளாக இரமாபாயே நின்றார். உயரம் போதாததால் தோளில் தாங்க முடியாமல், தாயின் பாடையைத் தலையில் சுமந்து ஏறத்தாழ மூன்று மைல் நடந்தார். மூத்த சகோதரியும் பிழைக்கவில்லை.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் நாடெங்கும் கால்நடையாகவே அலைந்தார்கள். வடக்கே ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல், சவக்குழி போல் இரண்டு பள்ளம் தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய மணலால் மூடிக் கொண்டு இரவைக் கழித்ததை எழுதியிருக்கிறார். இத்தனை விரதமும் தீர்த்தமும் செய்தும் கடவுள் திரும்பிப் பார்க்கவில்லையே என்ற எண்ணம் அப்போதே முளைத்துவிட்டது. அதையும் அவர் மறைக்கவில்லை.

1878-இல் கல்கத்தா சேர்ந்தனர். அங்குள்ள அறிஞர்கள் இருபது வயதுப் பெண்ணின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்து, பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை அளித்தனர். அந்நகரில்தான் முதன்முதலாகக் கிறிஸ்தவர்களின் கூட்டமொன்றைப் பார்த்தார்கள். வந்தவர்கள் நாற்காலிகளின் முன் முழந்தாளிட்டுக் கண்களை மூடிக் கொள்வதைக் கண்டு, இவர்கள் நாற்காலியைத்தான் கும்பிடுகிறார்கள் போலும் என்று எண்ணிக் கொண்டார்களாம். ஞாயிறு பூசையில் நாம் முழந்தாளிடும் அழகைப் பார்க்கும் புறமதச் சகோதரர் என்ன நினைப்பாரோ என்று எனக்கும் சில சமயம் தோன்றுவதுண்டு.

1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் விபின் பிகாரி தாஸ் என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து மணந்தார். அடுத்த ஆண்டு மனோரமா பிறந்தாள். 1882-இல் காலரா கணவரைக் கொண்டு போயிற்று. இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவை! கணவரின் புத்தகங்களுக்கிடையே கண்டெடுத்த வங்காள மொழி லூக்கா நற்செய்தி மட்டும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

மருத்துவம் கற்கும் ஆவலுடன் 1883-இல் இங்கிலாந்து சென்று, வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியரிடம் தங்கினார். இலண்டனில் சமுதாயம் ஒதுக்கிய பெண்களை அக்கன்னியர் பரிவோடு பேணி வந்த இல்லம் அவரை உலுக்கிவிட்டது. யோவான் நற்செய்தியில் சமாரியப் பெண்ணோடு ஆண்டவர் உரையாடும் பகுதியை வாசித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் தாயும் மகளும் திருமுழுக்குப் பெற்றனர்.

நம்மில் ஒருவர் எழுதினால் கதை இங்கே மங்களமாக முடிந்திருக்கும். அம்மையாரோ, அப்போது தாம் கண்டடைந்தது கிறிஸ்தவ மதத்தையே, கிறிஸ்துவை அல்ல என்று பிற்காலத்தில் எழுதினார். தமக்குத் திருமுழுக்குக்கு வழிகாட்டிய கன்னியரோடும் அவர் ஓயாமல் வாதாடினார். புலால் உண்ணமாட்டேன் என்றார். இலத்தீன் எழுத்துள்ள சிலுவையை ஏன் அணிய வேண்டும், வடமொழியில் பொறித்தால் ஆகாதா என்று கேட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் தமிழில் பூசை காணும் நமக்கு இந்தக் கேள்வி பெரிதல்ல. அன்றோ அது அகம்பாவமாகவே பார்க்கப்பட்டது. ஒரு வேளை சிறிது அகம்பாவமும் இருந்திருக்கலாம். அப்பழுக்கற்ற மனிதராக அவர் தம்மைக் காட்டிக் கொள்ளவே இல்லை.

பிறகு அமெரிக்கா சென்றார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி 1887-இல் நூல் எழுதி உதவி திரட்டினார். 1889 மார்ச் 11-இல் பம்பாயில் சாரதா சதன் என்ற விதவையர் இல்லத்தைத் தொடங்கினார். ஊர் போற்றும் தலைவியாக இருந்த அந்நாட்களில்தான் அவரது உள்ளம் வறண்டு கிடந்தது. ஹாஸ்லம் என்ற ஆங்கிலேயக் குருவானவர், தாம் பல காலம் போதித்த பின்னரே உண்மையில் மனந்திரும்பியதை எழுதிய நூல் கையில் கிடைத்தது. திருமுழுக்குப் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, தமக்கே மீட்பர் தேவை என்று உணர்ந்ததாக எழுதுகிறார். பிறருக்குப் போதிப்பவருக்கு இதை ஒப்புக் கொள்வது எளிதன்று. குருமடத்தில் சேர்ந்த புதிதில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரச் சொன்னபோது, எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களை விட்டுவிட்டு, பீடச் சிறுவனாக இருந்த பெருமையை மட்டும் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

1896-97-இல் நடு மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, அம்மையாரால் வீட்டில் இருக்க முடியவில்லை. எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண்களில் தம்மையும் தம் தமக்கையையும் அவர் கண்டார். ஏறத்தாழ முந்நூறு பேரை அழைத்து வந்து, புனேவை அடுத்த கேட்காவ் கிராமத்தில் குடியமர்த்தினார். முக்தி என்ற அந்த இல்லத்தில் பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நெசவு, விவசாயம், அச்சுத்தொழில் என்று கைவேலை எல்லாம் கற்பித்தார். வேலை செய்ய வெட்கப்பட்டுப் பட்டினி கிடந்த குடும்பத்தின் பெண்ணல்லவா அவர்!

கடைசிக் காலத்தில், பாமரப் பெண்களுக்கும் விளங்க வேண்டுமென்று, கிரேக்கமும் எபிரேயமும் பயின்று விவிலியத்தை எளிய மராத்தியில் பெயர்த்தார். முக்திப் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். 1921-இல் மகள் மனோரமா முந்திக் கொண்டாள். 1922 ஏப்ரல் 5-இல் அம்மையாரும் ஆண்டவரில் துயில் கொண்டார்.

இவ்வளவும் கேட்டிருந்த அந்தத் தாயார் ஒன்றும் பேசாமல் தாளை வாங்கிச் சென்றார். மறு ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் சக்கிறீஸ்து வாசலில் நின்றிருந்தார். அடித்த வரிகளைப் பேரனிடம் சொல்லி மறுபடி எழுதச் செய்திருந்தார். இரண்டு வரி இப்போது முக்கால் பக்கமாகியிருந்தது. பெயர் மட்டும் போட வேண்டாம் சாமி என்றார். அது இம்மலரில் அவர் எழுதியபடியே வந்திருக்கிறது.