வேலையற்ற பட்டதாரி தந்த கிறிஸ்துமஸ் படம்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு (வேதியியல்)

திரைப்படங்களின் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்களே. கொட்டகையை விட்டுப் போன படம் மக்களின் மனத்தை விட்டும் போய்விடுகிறது. ஆனால் 1946 ஆம் ஆண்டில் வெளிவந்து, அன்று நட்டத்தில் முடிந்த ஒரு படம், ஒவ்வொரு டிசம்பரிலும் அமெரிக்கக் குடும்பங்கள் கூடி அமர்ந்து பார்க்கும் படமாக நிலைத்துவிட்டது. சிரிப்பும் கூச்சலும் கண்ணீரும் கலந்த அந்தப் படத்தின் பெயர் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. அதை இயக்கியவர் பிராங்க் காப்ரா. அவர் வேதிப் பொறியியல் படித்தவர். படித்து முடித்தபின் வேலையின்றித் தவித்தவர். அவருடைய வாழ்க்கையை அறிந்தால், அந்தப் படம் ஏன் சாகவில்லை என்பதும் விளங்கும்.

கப்பலில் வந்த சிறுவன்

இத்தாலியின் சிசிலித் தீவில், பிசாக்குவினோ என்னும் சிற்றூரில், 1897 மே 18 ஆம் நாள் காப்ரா பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1903 இல் பிழைப்புத் தேடி அக்குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. கப்பலின் அடித்தட்டில், காற்றும் வெளிச்சமும் இல்லாத இடத்தில், பதின்மூன்று நாள் பயணம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறியபின் தந்தை பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்தார். சிறுவன் காப்ரா தெருவில் செய்தித்தாள் விற்றான்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் மகன் வேலைக்குப் போகவேண்டும் என்றே பெற்றோர் விரும்பினர். அவரோ கல்லூரியில் சேர்ந்தார். கால்டெக் என்று பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அக்கல்லூரியின் பெயர் அப்போது த்ரூப் தொழில்நுட்பக் கல்லூரி. இரவு விடுதிகளில் பாஞ்சோ வாசித்தும், உணவுக்கூடத்தில் பரிமாறியும், சலவைக்கூடத்தில் உழைத்தும், மின்நிலையத்தில் எந்திரங்களைத் துடைத்தும் படிப்புச் செலவைச் சமாளித்தார். 1918 இல் பட்டம் பெற்றார்.

உடனே இராணுவத்தில் சேர்ந்து, பீரங்கிப் படையினருக்குக் கணிதம் கற்பித்தார். அப்போது உலகை உலுக்கிய விஷக்காய்ச்சல் அவரையும் பற்றியது. இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு வீடு திரும்பினார். தந்தை விபத்தொன்றில் இறந்துவிட்டிருந்தார். உடன்பிறந்தோர் அனைவருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. அந்த வீட்டில் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே; வேலை இல்லாதவரும் அவர் ஒருவரே!

நண்பர்களே, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம் போன்றோருக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை. விடியற்காலையில் அண்ணன் வேலைக்குப் புறப்படும்போது, பட்டம் பெற்ற தம்பி திண்ணையில் உட்கார்ந்திருப்பது எத்தகைய வேதனை! யாரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே பெரிய சுமை. தாம் தோற்றுவிட்டோம் என்னும் எண்ணம் காப்ராவை வாட்டியது. மனச்சோர்வில் பலகாலம் ஆழ்ந்தார். பிறகு வீடு வீடாகச் சென்று புத்தகம் விற்றார். பண்ணைகளில் வேலை செய்தார்.

புகழின் உச்சி

1922 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், கிப்ளிங்கின் கவிதை ஒன்றை வைத்து ஒரு சிறுபடம் இயக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பின்னர் மாக் சென்னட்டின் நிறுவனத்தில் நகைச்சுவைக் காட்சிகள் எழுதினார். ஹாரி லாங்டன் என்னும் நடிகரை வைத்துப் பேசாப்படங்கள் இயக்கினார். 1928 இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார்.

1934 இல் வெளிவந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்', சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கார் பரிசுகளையும் ஒருங்கே வென்ற முதற்படம். 1956 இல் வந்த 'சோரி சோரி' என்னும் இந்திப் படம் அக்கதையைத் தழுவியதே. மேலும் இருமுறை சிறந்த இயக்குநர் பரிசு அவரைத் தேடிவந்தது. அவருடைய வெற்றியில் திரைக்கதை ஆசிரியர் ராபர்ட் ரிஸ்கினுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாம் பரிசைப் பெற்றுத்தந்த படம், 1938 இல் வந்த 'யூ கான்ட் டேக் இட் வித் யூ'. அதில் வரும் வீடு ஒரு சந்தைக்கடை! தட்டச்சுப் பொறி தவறுதலாக வீட்டுக்கு வந்து சேர்ந்த காரணத்தால் அம்மா நாடகம் எழுதிக்கொண்டிருப்பாள். ஒரு மகள் ஓயாமல் நடனமாடுவாள். நிலவறையில் பட்டாசு செய்துகொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து, பெண்ணின் வருங்கால மாமனார் மாமியார், குறித்த நாளுக்கு முதல் நாளே வந்து நிற்பார்கள்! கூச்சலும் குழப்பமும் குடும்பத்தின் குறையல்ல, அதன் உயிர் என்பது அப்படத்தின் கருத்து. உலகைச் சிரிக்கவைத்த அதே 1938 இல், காப்ரா தம் மூன்று வயது மகனை, தொண்டைச் சதை அறுவை சிகிச்சையை அடுத்துப் பறிகொடுத்தார்.

கோடையில் பெய்த பனி

இரண்டாம் உலகப்போரில் இராணுவத்துக்காகச் செய்திப்படங்கள் எடுத்துவிட்டுத் திரும்பியவர், நண்பர்களுடன் சேர்ந்து 'லிபர்ட்டி ஃபிலிம்ஸ்' என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்னும் எழுத்தாளர், 1943 இல் தாமே அச்சிட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பிய சிறுகதை ஒன்று அவர் கைக்கு வந்தது. அதுவே படமாயிற்று.

வேதியியல் மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதுவரை திரைப்படங்களில் பனிக்காக, வெள்ளை பூசிய சோள அவலைத் தூவுவது வழக்கம். மிதித்தால் அது நொறுங்கி ஒலியெழுப்பும், உரையாடல் கெடும். இப்படத்துக்காகத் தீயணைப்பு நுரையுடன் சோப்பையும் நீரையும் கலந்து, காற்றில் பீய்ச்சி, ஓசையற்ற பனியை உண்டாக்கினர். கொளுத்தும் கோடையில் பெய்த இந்தப் பனி, தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கார் பாராட்டைப் பெற்றது.

அதே வீடு, வேறு கண்

கதாநாயகன் ஜார்ஜ் பெய்லி. உலகம் சுற்றவும் கல்லூரியில் படிக்கவும் ஆசைப்பட்டவன். தந்தை இறந்ததால், ஏழைகளுக்கு வீடு கட்டக் கடன் தரும் சிறு நிறுவனத்தை நடத்த ஊரிலேயே தங்குகிறான். தன் படிப்புக்குச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தம்பியைக் கல்லூரிக்கு அனுப்புகிறான். கிறிஸ்துமஸ் முந்திய நாள், நிறுவனத்தின் 8,000 டாலர் காணாமற்போகிறது. சிறை நிச்சயம் என்ற நிலையில் வீட்டுக்கு வருகிறான். ஒரு மகள் பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். ஒரு மகன் சொல்லுக்கு எழுத்துக்கூட்டிக் கேட்டு நச்சரிக்கிறான். மாடியில் சின்னவளுக்குச் சளி. படிக்கட்டுக் கைப்பிடியின் குமிழ் கையோடு கழன்று வருகிறது. ஜார்ஜ் வெடித்துவிடுகிறான், பிள்ளைகள் அழுகிறார்கள். அவன் சாகப் போகிறான். வானிலிருந்து வந்த தூதர் ஒருவர், அவன் பிறக்காமலே இருந்திருந்தால் அவ்வூர் எப்படிச் சீரழிந்திருக்கும் என்பதைக் காட்டுகிறார். அவன் ஓடோடி வீடு திரும்புகிறான். அதே குமிழ் மறுபடியும் கையோடு வருகிறது. இப்போது அதை முத்தமிடுகிறான்!

இந்தக் குமிழில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. வீடு மாறவில்லை, சத்தம் குறையவில்லை, பணத்தை மறைத்த செல்வனுக்குத் தண்டனையும் கிடைக்கவில்லை. பார்க்கும் கண் ஒன்றே மாறியது. குழப்பம் இல்லாத குடும்பம் எந்த நாட்டிலும் இல்லை. ஆகையால் இப்படம் யாருக்கும் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கல்லூரிக்குப் போன தம்பியைக் கதாநாயகனாக்கக் காப்ராவுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அந்தத் தம்பி அவரே அல்லவா? அவரோ, ஊரில் தங்கி உழைத்தவனை நடுவில் நிறுத்தினார். தாம் வேலையற்றிருந்த நாட்களில் உழைத்து வீட்டைத் தாங்கிய உடன்பிறந்தோருக்கு அவர் செலுத்திய நன்றி இது என்றே நான் கொள்கிறேன்.

தோல்வியும் மறுபிறப்பும்

ஐந்து ஆஸ்கார் பரிந்துரைகள் இருந்தும் இப்படம் அவற்றில் ஒன்றையும் வெல்லவில்லை. லிபர்ட்டி நிறுவனம் 1947 இல் கைமாறியது. இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவுக்காக 1952 இல் பம்பாய் வந்த காப்ரா, பழைய உச்சியில் இருந்த காப்ரா அல்லர். 1961 உடன் அவருடைய கதைப்படங்கள் நின்றன.

1974 இல், படத்தின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. கட்டணமின்றிக் கிடைத்ததால், தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர்தோறும் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. கொட்டகைக்கு வராத மக்களின் வீட்டுக்கே படம் சென்றது. பாட்டியும் பேரனும் சேர்ந்து பார்த்தனர். 1990 இல் அமெரிக்க நாட்டின் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. இவற்றையெல்லாம் கண்ட பின்னரே, 1991 செப்டம்பர் 3 ஆம் நாள், 94 ஆம் வயதில் காப்ரா மறைந்தார்.

தோற்றுவிட்டோம் என்று தம்மைப் பற்றித் தாமே எழுதிய தீர்ப்பு, வேலையற்றிருந்த காப்ராவுக்கும் பொருந்தவில்லை. 1946 இன் படத்துக்கும் பொருந்தவில்லை. பட்டம் பெற்று நாம் வெளியேறும் நாளில் வேலை உடனே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எப்படியாயினும், நம்மைப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டில் நின்று உழைப்பவர்களை நினைப்போம். அந்த வீட்டின் சத்தத்தை வெறுக்காதிருப்போம்.