சாவி யார் கையில்? பேராயர் ரிச்சர்ட் ஆலன் வாழ்க்கை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் செயின்ட் ஜார்ஜ் என்ற மெதடிஸ்ட் தேவாலயம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முழுவதும் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தது. அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெரியவரைப் பொறுப்பாளர் ஒருவர் பிடித்துத் தூக்கினார். அது அவர்களுக்கான இடம் இல்லையாம். ஜெபம் முடியட்டும், எழுந்து போய்விடுகிறேன் என்று ஜோன்ஸ் கேட்டுப் பார்த்தார். அதற்கும் சம்மதிக்கவில்லை. ஜெபம் முடிந்தது. கறுப்பின மக்கள் மொத்தமாக எழுந்து வெளியே நடந்தார்கள். அந்தக் கோவிலின் மாடத்தைக் கட்டவும், தரை போடவும் காசு கொடுத்தவர்கள் அவர்கள். தனி வரிசை, தனிக் கல்லறை என்று நம் பக்கத்துத் தேவாலயங்களில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்று வெளியேறியவர்களில் ஒருவர்தான் ரிச்சர்ட் ஆலன். 1760-இல் அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு டெலாவேரில் ஒரு பண்ணையாருக்கு விற்கப்பட்டார். கடன் முற்றியபோது அந்தப் பண்ணையார் ஆலனின் தாயையும் உடன்பிறந்தவர்கள் சிலரையும் வேறிடத்துக்கு விற்றார். 17 வயதில் மெதடிஸ்ட் போதகர்களின் பேச்சைக் கேட்டு ஆலன் கிறிஸ்தவரானார். அடிமை வைத்திருப்பது பாவம் என்ற பிரசங்கம் எஜமானரையும் அசைத்தது. ஆனால் சும்மா விடவில்லை, விலை கேட்டார். விறகு வெட்டியும், செங்கல் சூளையில் வேலை பார்த்தும், உப்பு வண்டி ஓட்டியும் ஆலன் அந்த விலையைக் கட்டித் தன்னை மீட்டுக்கொண்டார்.

செயின்ட் ஜார்ஜை விட்டு வந்தவர்கள் தங்களுக்கென ஒரு கோவில் கட்ட நினைத்தார்கள். எந்தத் திருச்சபையோடு சேர்வது என்ற கேள்வி வந்தது. வாக்கெடுத்தார்கள். மெதடிஸ்ட் பக்கம் நின்றவர்கள் ஆலனும் ஜோன்ஸும் மட்டும். மற்றவர்கள் எல்லோரும் ஆங்கிலிக்கன் வழிவந்த எபிஸ்கோபல் சபையைக் கேட்டார்கள். அவமானப்படுத்திய சபை எதற்கு என்ற அவர்கள் எண்ணத்திலும் நியாயம் இருந்தது. ஜோன்ஸ் பெரும்பான்மையோடு போனார், பின்னாளில் அந்தச் சபையின் முதல் கறுப்பினக் குருவானார். ஆலன் போகவில்லை. எளிய மக்களுக்கு மெதடிஸ்ட் முறைதான் பொருந்தும் என்பது அவர் உறுதி. அதற்காக நட்பை முறித்துக்கொள்ளவும் இல்லை. 1793-இல் மஞ்சள் காய்ச்சல் நகரத்தைச் சூறையாடியபோது இருவரும் சேர்ந்தே நோயாளிகளைப் பராமரித்தார்கள், பிணங்களை எடுத்து அடக்கம் செய்ய ஆள் திரட்டினார்கள்.

கோவிலுக்கென்று ஆலன் முன்பே பேசி முடித்த மனை ஒன்று இருந்தது. மற்றவர்கள் வேறு மனைக்குப் போய்விட்டதால் அது அவர் தலையில் விழுந்தது. பழைய கொல்லன் பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கி, குதிரைகளைப் பூட்டி இழுத்துவந்து அங்கே நிறுத்தினார். 1794-இல் அதுவே பெத்தேல் தேவாலயம் ஆனது.

கட்டியவர்கள் கறுப்பர்கள், ஆனால் அதிகாரம் யாரிடம்? சபையைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பத்திரத்தை நானே எழுதித் தருகிறேன், செலவு மிச்சம் என்றார் ஒரு வெள்ளைக்காரப் போதகர். நம்பினார்கள். சொத்து முழுவதும் வெள்ளையர் நடத்திய மாநாட்டின் பிடிக்குள் போயிருந்தது பத்தாண்டு வரை அவர்களுக்குத் தெரியாது. பிறகு வந்த இன்னொரு போதகர் கோவில் சாவியையும் கணக்குப் புத்தகங்களையும் கேட்டார். தன் உத்தரவு இல்லாமல் கூட்டம் கூடக்கூடாது என்றார். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தால் நிலம் இழந்த குடும்பங்கள் நம் ஊர்களிலும் உண்டு. ஆலன் வக்கீலிடம் போனார். சபையில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் விதியைத் திருத்தலாம் என்று தெரிந்தது. சபையைக் கூட்டினார். 1807-இல் திருத்தம் எழுதப்பட்டது. சொத்தும் பிரசங்க மேடையும் சபையாரின் முடிவுக்கு வந்தன.

எதிர்த்தரப்பு விடவில்லை. 1815-இல் கோவிலே ஏலத்துக்கு வந்தது. செருப்புத் தைத்தும், புகைபோக்கி துப்புரவுத் தொழில் நடத்தியும் சேர்த்த பணத்தை வைத்து ஆலன் 10,000 டாலருக்கு மேல் கேட்டுத் தன் கோவிலைத் தானே ஏலத்தில் எடுத்தார். அதன்பின்னும் ஒரு வெள்ளைக்காரப் போதகர் பிரசங்கிக்க வந்து நின்றார். சபையார் நடைபாதை முழுக்க நின்றுகொண்டார்கள். அவரால் மேடையை நெருங்க முடியவில்லை. வழக்கு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் போனது. 1816-இல் பெத்தேல் வென்றது. அதே ஆண்டு பல ஊர்க் கறுப்பினச் சபைகள் சேர்ந்து ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையை அமைத்தன. ஆலன் அதன் முதல் பேராயர்.

அடுத்த ஜனவரியில் பேராயருக்கே ஒரு சோதனை. சுதந்திரம் பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று வெள்ளைப் பிரமுகர்கள் சங்கம் தொடங்கியிருந்தார்கள். ஆலனும், பாய்மரத் தொழிலதிபர் ஜேம்ஸ் ஃபோர்ட்டனும் அந்த யோசனையை முற்றாக ஒதுக்கியவர்கள் அல்ல. பெத்தேலில் கூட்டம் கூட்டினார்கள். சுமார் 3,000 பேர் வந்தார்கள். ஆதரிப்பவர்கள் குரல் கொடுக்கலாம் என்றபோது ஒரு சத்தம் இல்லை. எதிர்ப்பவர்கள் என்றதும் கட்டடம் அதிர்ந்தது. அடிமைத்தளையில் கிடக்கும் சொந்தங்களை விட்டுவிட்டுக் கப்பல் ஏற அவர்கள் தயாராக இல்லை. தலைவர்கள் தங்கள் கருத்தைச் சபையார் மேல் திணிக்கவில்லை. தீர்மானம் மக்கள் சொன்னபடியே எழுதப்பட்டது. அந்தத் திட்டத்தைக் கடைசிவரை எதிர்த்தவர்களில் ஆலனும் ஒருவரானார்.

ஒரு குரலை மட்டும் அவர் வெகுநாள் கேட்காமல் இருந்தார். வீட்டு வேலை செய்துவந்த ஜரேனா லீ என்ற பெண் தனக்குப் பிரசங்கிக்க அழைப்பு வந்திருக்கிறது என்று வந்தபோது, சபை விதியில் பெண் போதகருக்கு இடமில்லை என்று அனுப்பிவிட்டார். மேடை மறுக்கப்பட்ட வலி தெரிந்தவர் இப்படிச் சொன்னது நெருடத்தான் செய்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, பெத்தேலில் போதகர் ஒருவர் பேச்சில் தடுமாறி நின்றபோது, ஜரேனா எழுந்து அதே வசனத்தை எடுத்துப் பேசத் தொடங்கினார். பேசி முடித்ததும் சபையை விட்டே விலக்கிவிடுவார்கள் என்று நடுங்கி உட்கார்ந்தார். பேராயர் எழுந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பெண் தன்னிடம் வந்ததையும், தான் தட்டிக்கழித்ததையும் சபை முன்னால் சொன்னார். அங்கிருக்கும் எந்தப் போதகருக்கும் குறையாத அழைப்பு இவருக்கு உண்டு என்றார்.

ஆலன் 1831 மார்ச்சில் இறந்தார். ஜரேனா ஊர் ஊராக நடந்தும் வண்டியேறியும் பிரசங்கித்தார். குருப்பட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. அந்தத் திருச்சபையில் பெண்களுக்கு அது கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.